பதினேழரைப் பாகையில் ஒரு பையன்

தலைப்பிலிருந்தே தொடங்குகிறேன். பழைய உரையாசிரியர்கள் நூலின் பெயருக்கே நீண்ட உரை எழுதினார்கள். அசோகமித்திரனின் ‘பதினெட்டாவது அட்சக்கோடு’ அப்படி ஓர் உரையைக் கேட்கும் நாவல்.

எங்கள் வாசிப்பு வட்டத்தில் ஐந்தாம் படிவ வயதுப் பிள்ளைகள் ஆறு பேர். சனிக்கிழமை மாலைகளில் ஜொகூர் பாருவில் என் வீட்டு முன்கூடத்தில் கூடுகிறோம். புத்தகத்தைக் கொடுத்ததும் வந்த முதல் கேள்வி, “அட்சக்கோடுன்னா என்ன டீச்சர்?” இவர்களில் பெரும்பாலோர் புவியியலை மலாயில் படித்தவர்கள். “கரிசான் லத்தித்தூட்” என்றேன், புரிந்துகொண்டார்கள். ஒருத்தி உடனே கைப்பேசியில் தேடி, நம்முடைய ஊர் ஒன்றரைப் பாகையில் இருக்கிறது என்றாள். பிறகு நாவல் நடக்கும் செகந்திராபாத்தைத் தேடினாள். பதினேழரைக்குச் சற்றுக் குறைவு. “பதினெட்டு இல்லையே டீச்சர்?”

அந்தக் கேள்வி என்னை உட்காரவைத்துவிட்டது. பதினெட்டாவது கோடு செகந்திராபாத்துக்கு ஏறத்தாழ 60 கிலோமீட்டர் வடக்கே போகிறது. கதை சொல்லும் சந்திரசேகரன் அந்தக் கோட்டின் மேல் நிற்கவில்லை, கொஞ்சம் கீழே நிற்கிறான். இன்னும் எட்டவில்லை.

இதோடு இன்னொரு கணக்கையும் சேர்த்துப் பார்த்தேன். அசோகமித்திரன் பிறந்தது செகந்திராபாத்தில், 1931 செப்டம்பர் 22. ஹைதராபாத் சமஸ்தானத்தை ஆண்ட நிஜாம் இந்தியப் படையிடம் பணிந்தது 1948 செப்டம்பர் 17. நிஜாம் பணிந்த ஐந்தாம் நாள் ஆசிரியருக்குப் பதினேழு நிறைந்து பதினெட்டு நடக்கத் தொடங்கியிருக்கிறது. நாவல் போய் முடிவதும் அந்த நாட்களில்தான், பையனுக்கும் ஏறத்தாழ அதே வயதுதான். அவர் இதை எண்ணித்தான் பெயர் வைத்தார் என்று நான் சாதிக்க மாட்டேன். ஆனால் ஊர் நிற்கும் பாகையும் பையன் நிற்கும் வயதும் ஒரே எண்ணில் வந்து விழுவதைப் பார்த்த பிறகு, தலைப்பை வெறும் வரைபடக் குறிப்பாக என்னால் வாசிக்க முடியவில்லை. இடத்தின் பெயரைச் சொல்லியே பையனின் வயதையும் சொல்லிவிடுகிற தலைப்பு இது.

பள்ளியில் ‘கதைச்சூழல் கதைமாந்தரின் மனநிலையைக் காட்டுகிறது’ என்று எழுதக் கற்றுக்கொடுக்கிறோம். மழை பெய்தால் துயரம், பூ மலர்ந்தால் மகிழ்ச்சி என்று பிள்ளைகளும் எழுதிவிடுகிறார்கள். அந்தச் சூத்திரத்தை எடுத்துக்கொண்டு இந்த நாவலுக்குள் போனால் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும். இங்கே வானம் அவனுக்காக அழுவதில்லை. ஊர் முதலில் மாறுகிறது. பையனுக்குள் என்னவோ ஆனது பிறகுதான் தெரிகிறது, அதுவும் அவன் அதைச் சொல்லாமலே.

இரண்டு ஊர், ஒரு கரை

செகந்திராபாத்தும் ஹைதராபாத்தும் இரட்டை ஊர்கள். நடுவே ஹுசேன் சாகர் ஏரி. இரண்டையும் இணைப்பது ஏரிக்கரையான டாங்க் பண்டு. ஒரு பக்கம் வெள்ளைக்காரர்களின் பாளையமாக வளர்ந்த ஊர். மறுபக்கம் நிஜாமின் தலைநகரம். அங்கே அரண்மனையும் உருதுவும், இங்கே ரயில்வேயும் பட்டாளமும்.

இந்தப் பகுதியை நம் பிள்ளைகளுக்கு விளக்க நான் சிரமப்படவில்லை. ஜொகூர் பாருவில் வளர்ந்தவர்களுக்கு இரட்டை ஊர் என்றால் என்னவென்று தனியாகச் சொல்ல வேண்டுமா? சிங்கப்பூரோடு எங்கள் ஊரை இணைக்க 1924இல் திறந்த காஸ்வேயின் நீளம் ஒரு கிலோமீட்டரைச் சற்றே தாண்டும். அக்கரை விளக்குகள் இங்கிருந்து தெரியும். ஆறு பேரில் ஒருத்தி தினமும் சிங்கப்பூரில் படிக்கப் போய் வருகிறாள். விடியற்காலை நாலரைக்கு எழுந்து, சீருடையோடு பேருந்தில் ஏறி, இரண்டு குடிநுழைவுச் சாவடிகளைக் கடந்து பள்ளிக்குப் போகிற பிள்ளை. “பாலத்துல பாதி தூரம் போனதும் என் குரலே மாறிடும் டீச்சர்” என்றாள் ஒருநாள். வீட்டில் பேசும் தமிழும் மலாயும் பாதிப் பாலத்தில் நின்றுவிடுமாம். அதற்கு அப்பால் வேறு பேச்சு, வேறு நடை.

சந்திரசேகரன் சைக்கிளில் போவதையும் வருவதையும் நாவல் அவ்வளவு நுணுக்கமாகச் சொல்வது ஏன் என்று சிலர் அலுத்துக்கொள்வதுண்டு. இந்தப் பெண்ணின் பேச்சைக் கேட்ட பிறகு எனக்கு அந்தப் பக்கங்கள் திறந்தன. ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குப் போகும்போது அவன் தமிழ்ப் பையனாகவும், நிஜாமின் குடியாகவும், ரயில்வேக்காரர் மகனாகவும், கல்லூரி மாணவனாகவும் மாறி மாறி ஆக வேண்டியிருக்கிறது. எந்த வேடம் எந்தத் தெருவில் தொடங்குகிறது என்று அவனுக்கு உடம்பில் தெரியும். தெருக்களின் வரிசையைச் சொல்லும்போது அவன் சொல்வது அதைத்தான்.

குடியிருப்பு

சந்திரசேகரனின் குடும்பம் இருப்பது லான்சர் பாரக்ஸில். பெயரே சொல்கிறது: ஈட்டி ஏந்திய குதிரைப்படைக்கான இடம். அங்கே ரயில்வே ஊழியர் குடும்பங்கள் குடியிருக்கின்றன. தமிழர், தெலுங்கர், முஸ்லிம்கள், ஆங்கிலோ இந்தியர் எல்லாரும் அக்கம்பக்கம். ஆசிரியரின் தந்தையும் நிஜாமின் ரயில்வேயில் வேலை பார்த்தவர்தான். தந்தை இறந்த பிறகு 1952இல் சென்னைக்குக் குடிபெயர்ந்தார் அசோகமித்திரன். நாவல் வெளிவந்தது 1977இல். ஊரை விட்டு வந்து கால் நூற்றாண்டு கழித்து, அந்த ஊரைக் கண்ணெதிரே நிறுத்துகிறார்.

பட்டாளத்துக்குக் கட்டிய இடத்தில் குடும்பம் நடத்துவது எப்படி இருக்கும்? இங்கே குளுவாங்கிலும் சிகாமட்டிலும் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள். வீடு உங்களுடையது இல்லை. வேலை போனால் வீடும் போகும். அடுத்த வீட்டுக்காரர் உங்கள் மொழிக்காரராக இருக்க மாட்டார். ஆனால் அவர் வீட்டுச் சமையல் வாசனை உங்கள் வீட்டுக்குள் வரும். தோட்டத்து லயத்திலும் இதே கதைதான். கூரை ஒன்று, நடுவில் பலகைச் சுவர்.

தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றது. அந்த நிலத்தில் வாழும் மரம், விலங்கு, பறை, உணவு எல்லாவற்றையும் கருப்பொருள் என்றது. உரிப்பொருள் என்னும் உணர்வு இவற்றை ஒட்டியே வரும். இந்த நாவலின் கருப்பொருள்கள் என்னென்ன? ஒரு சைக்கிள். கிரிக்கெட் மட்டை. வீட்டுப் பசுமாடு. மூன்றும் அந்தப் பையனின் பொறுப்பிலோ ஆசையிலோ இருப்பவை. இவற்றைப் பற்றி அவன் பேசும்போது குரலில் ஒரு பிடிப்பு இருக்கிறது. நாட்டு நடப்பைப் பற்றிப் பேசும்போது அந்தப் பிடிப்பு தளர்கிறது. யாரோ சொன்னதைத் திருப்பிச் சொல்வது போலச் சொல்கிறான்.

கிரிக்கெட்டைப் பாருங்கள். இந்துப் பையன்களும் முஸ்லிம் பையன்களும் சேர்ந்து ஆடும் ஆட்டம். மைதானத்தில் யார் பந்து போடுவது, யார் எங்கே நிற்பது என்பதுதான் வழக்கு. நாட்கள் போகப் போக அந்த மைதானம் மெல்ல அந்நியமாகிறது. புல்லும் மண்ணும் அப்படியேதான் இருக்கின்றன. எதிரே நிற்பவன் எந்தப் பக்கத்தவன் என்ற எண்ணம் மட்டும் புதிதாக முளைக்கிறது. நண்பனை இழந்ததாக அவன் உட்கார்ந்து அழுதிருந்தால், இவ்வளவு வலித்திருக்காது.

இங்கே ஒரு சொந்தச் செய்தி சொல்ல வேண்டும். சந்திரசேகரனின் ஊரில் கலவரம் மூண்ட அதே 1948இல், ஜூன் மாதம், மலாயாவில் அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டது. 1950 முதல் பிரிக்ஸ் திட்டத்தில் காட்டோரத்து மக்களைப் புதுக்கிராமங்களில் குடியமர்த்தினார்கள்; தோட்டத்து லயங்களையும் ஒன்றாகக் கூட்டி முள்வேலி போட்டார்கள். காட்டில் இருந்த கம்யூனிஸ்ட் கெரில்லாக்களுக்கு உணவு போய்விடக் கூடாது என்று வாசலில் சோதனை. என் மாமா அப்போது குளுவாங் பக்கம் ஒரு தோட்டத்தில் பையன். பால்மரக் காட்டுக்குப் போகும் அம்மாவின் தூக்குச்சட்டியை வாசலில் திறந்து ஒரு குச்சியால் கிளறிப் பார்ப்பார்களாம். அந்த மூடி திறக்கும் சத்தத்தை அவர் எழுபது வயதிலும் வாயால் செய்து காட்டுவார். “பயமா இருந்துச்சா மாமா?” என்று ஒருமுறை கேட்டேன். அவர் யோசித்துச் சொன்னார்: “வேலிக்கும் நம்ம லயத்துக்கும் நாப்பது அடி இருக்கும்மா.”

நான் கேட்டது பயத்தைப் பற்றி. அவர் சொன்னது தூரத்தை. கேள்வி புரியாமல் சொன்ன பதில் அன்று. அவருடைய பயத்துக்கு நாற்பது அடி நீளம் இருந்தது. சந்திரசேகரன் பேசுவதும் இதே மொழிதான். அமெரிக்காவில் 1951இல் வந்த ‘தி கேட்சர் இன் தி ரை’ நாவலில் ஹோல்டன் என்ற பையன் நியூயார்க் தெருக்களில் அலைந்தபடி தனக்கு எது பிடிக்கவில்லை, யார் போலி என்று ஓயாமல் சொல்லிக்கொண்டே போகிறான். அவனுக்கு வாய் இருக்கிறது. நம் பையனுக்கு வழி மட்டும் தெரியும்.

நானும் அவனும்

இந்த நாவலில் பலரை இடறவைக்கும் ஒன்று: சந்திரசேகரன் ஓரிடத்தில் ‘நான்’, இன்னோரிடத்தில் ‘அவன்’. தன்மையும் படர்க்கையும் முன்னறிவிப்பு இல்லாமல் மாறுகின்றன. முதல் வாசிப்பில் நான் இதை ஆசிரியரின் கவனக்குறைவு என்றே நினைத்தேன். அப்படி நினைத்ததற்கு இன்று வருந்துகிறேன்.

பதினேழு வயதில் நாம் எல்லாருமே இப்படித்தான் இருந்தோம். கூட்டத்தில் கோஷம் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தபின், கோஷம் போட்டது வேறு யாரோ போல இருக்கும். சந்திரசேகரன் மாணவர் போராட்டத்துக்குள் பாதி மனத்தோடு இழுக்கப்படுகிறவன். நம்பிக்கை இருக்கிறதா என்று அவனுக்கே தெரியாது. ஒதுங்கி நின்றால் கோழை என்பார்களே என்ற கூச்சம் இருக்கிறது. தனக்குள் இருந்து பார்க்க முடிகிறபோது ‘நான்’ என்கிறான். முடியாதபோது தன்னைத் தெருவில் போகும் ஒருவனாகத் தூரத்திலிருந்து பார்க்கிறான். அப்போது அவனும் சூழலின் ஒரு துண்டாகிவிடுகிறான். சைக்கிள் போல, மைதானம் போல, வெளியே கிடக்கும் ஒரு பொருள். சூழலுக்கும் மனத்துக்கும் நடுவே எங்கே கோடு போடுவது? தலைப்பில் இருக்கும் அட்சக்கோட்டைப் போலவே அதையும் நிலத்தில் தேட முடியாது.

ஆகஸ்ட் முதல் ஜனவரி வரை

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளுக்கு இது தெரியவில்லை. 1947 ஆகஸ்ட் 15இல் இந்தியா விடுதலை பெற்றபோது ஹைதராபாத் அதில் சேரவில்லை. நவம்பர் 29இல் இந்தியாவோடு ஓராண்டுக்கு நிலைமையை அப்படியே வைத்திருக்கும் உடன்பாடு கையெழுத்தானது. காசிம் ரஸ்வியின் தலைமையில், நிஜாம் ஆட்சிக்கு ஆதரவாக, ரஜாக்கர்கள் என்ற தனிப்படை வளர்ந்தது. 1948 ஜனவரி 30இல் காந்தி கொல்லப்பட்டார்.

சுற்றிலும் ஒரு நாடு, நடுவே தனியாக ஒரு சமஸ்தானம். அதற்குள் ஒரு குடியிருப்பு, குடியிருப்புக்குள் ஒரு வீடு. வீட்டுக்கு அடுத்த வீட்டோடு நேற்று வரை இருந்த பேச்சு இன்று இல்லை. வட்டத்துக்குள் வட்டமாகச் சுருங்கிக்கொண்டே வந்து கடைசியில் பையனின் நெஞ்சில் நிற்கிறது அந்த ஒதுக்கம். சிங்கப்பூர் 1965இல் மலேசியாவிலிருந்து பிரிந்த அன்று எங்கள் ஊர் எப்படி இருந்தது என்று என் பாட்டியிடம் கேட்காமல் விட்டுவிட்டேன். கேட்டிருக்க வேண்டும்.

காந்தி இறந்த செய்தி வரும் பகுதியைப் பிள்ளைகளோடு மெதுவாக வாசித்தேன். அதுவரை எதிலும் முழுதாக ஒட்டாமல் போய்க்கொண்டிருந்த பையன் அங்கே உடைந்துபோகிறான். கவனிக்க வேண்டியது, அவன் துக்கம் நான்கு சுவருக்குள் தனியாக நடக்கவில்லை. ஊர் முழுக்கக் கனத்துக் கிடக்கும் ஒன்றுக்குள் அவனும் கிடக்கிறான். நாவலில் ஊரும் அவனும் ஒரே உணர்வில் இருக்கும் இடம் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். மற்ற எல்லா இடத்திலும் ஊர் ஒரு படி முன்னால் போகிறது. அவன் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் வருகிறான்.

செப்டம்பர்

1948 செப்டம்பர் 13இல் இந்தியப் படை நுழைந்தது. 17இல் நிஜாம் பணிந்தார். ஐந்தே நாள். வரலாற்று நூல்களில் இது ‘போலீஸ் நடவடிக்கை’. நம் பையனின் பார்வையில் இது வெற்றியாகத்தான் இருந்திருக்க வேண்டும். ரஜாக்கர்களுக்கு அஞ்சி ஒடுங்கிய மாதங்கள் முடிந்துவிட்டன. பயம் தீர்ந்தது. இனி நிம்மதி.

ஆனால் இடம் மாறவில்லை, அதே தெருக்கள்தான். அங்கே அஞ்சுகிறவர்கள் மட்டும் மாறிவிட்டார்கள். நேற்று வரை இவன் தலைகுனிந்து போன தெருவில் இன்று வேறு சிலர் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். கூட்டம் வேறு, கையில் இருக்கும் தடி வேறு, தீ அதே தீ. சந்திரசேகரன் அந்தத் தெருவில் இருக்கிறான். தான் எந்தப் பக்கம் என்று அவன் இன்னும் தீர்மானிக்கவில்லை. அவன் உடையும் முகமும் பெயரும் அவனுக்காகத் தீர்மானித்துவிட்டன.

சுவர்

கடைசிப் பகுதிக்கு வந்துவிட்டோம். கலவரத்துக்குள் அகப்பட்டு ஓடுகிறவன் ஒரு சுவரைத் தாண்டுகிறான். தாண்டியபின்தான் தெரிகிறது, அது ஒரு வீடு. உள்ளே ஒரு முஸ்லிம் குடும்பம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஒடுங்கி நிற்கிறது. இவனைக் கண்டு நடுங்குகிறார்கள். இவன் ஒளிய வந்தவன் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? கொல்ல வந்தவன் என்றே நினைக்கிறார்கள். அவன் வயதையொத்த ஒரு பெண் முன்னால் வருகிறாள். மற்றவர்களை விட்டுவிடும்படி, தன்னையே விலையாக அவன் முன் வைக்கிறாள். அவனால் தாங்க முடியவில்லை. குமட்டி வாந்தியெடுத்துவிட்டு அங்கிருந்து ஓடுகிறான்.

இந்தச் சுவரைச் சற்று நின்று பார்க்க வேண்டும். நாவல் முழுக்க அவன் எத்தனை எல்லைகளைக் கடந்திருக்கிறான்! இரண்டு ஊருக்கும் நடுவே, வீட்டுக்கும் கல்லூரிக்கும் நடுவே, நானுக்கும் அவனுக்கும் நடுவே. எல்லாம் சைக்கிளில், பழகிய வழியில் கடந்தவை. இந்தச் சுவரை மட்டும் அவன் உடம்பால் தாண்டுகிறான். இந்தப் பக்கம் இருந்தவரை அவன் துரத்தப்பட்டவன். அந்தப் பக்கம் குதித்ததும் துரத்துபவன். நடுவில் அவன் செய்தது ஒன்றுமில்லை, ஒரு சுவர் ஏறிக் குதித்தது தவிர. தன்னை யார் என்று அவன் நினைத்திருந்தானோ, அதை ஓர் இடம் ஒரே கணத்தில் அழித்துவிடுகிறது. அப்போதும் அவன் வாய் எதையும் சொல்லவில்லை. வயிறுதான் சொன்னது.

தமிழில் பதின்வயதைப் பற்றி எழுதியவற்றில் இதற்கு நிகரான ஒரு பக்கத்தை நான் வாசித்ததில்லை. குற்றம் செய்யாதவனுக்குக் குற்ற உணர்ச்சி எங்கிருந்து வருகிறது என்பதற்கு இவ்வளவு துல்லியமான விடை வேறெங்கும் எனக்குக் கிடைக்கவில்லை: நின்ற இடத்திலிருந்து வருகிறது.

இதையெல்லாம் பிள்ளைகளிடம் சொல்லி முடித்தேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. காஸ்வே கடந்து பள்ளிக்குப் போகும் அந்தப் பிள்ளை புத்தகத்தை மூடாமல் மடியில் வைத்தபடி கேட்டாள்:

“அவன் ஓடிட்டான் டீச்சர். அந்தப் பொண்ணுக்கு அது வீடுதானே. அவ எங்க போவா?”

நான் இந்த நாவலைப் பலமுறை படித்தவள். அந்த அறையை ஒவ்வொரு முறையும் சந்திரசேகரனின் கண்ணால் பார்த்துவிட்டு, அவனோடு வெளியே ஓடிவந்திருக்கிறேன். அவனுக்கு அது ஒரு சூழல். அவளுக்கு அது சமைத்த இடம், படுத்த இடம், தம்பி தங்கையோடு சண்டை போட்ட இடம். நாளைக் காலையிலும் அவள் அந்தச் சுவரைப் பார்த்துத்தான் எழ வேண்டும்.

அந்தப் பக்கத்தை மறுபடியும் வாசிக்கச் சொன்னேன், சுவர் வரும் இடத்திலிருந்து. அவளே வாசித்தாள்.